மதில் வரியை யார் கட்டினார்கள்? – ஜார்ஜ் டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

நம் சங்கத்தின் பொதுக்குழு எந்த வருடம் கூடினாலும் மூன்று விஷயங்கள் வராமல் இருப்பதில்லை: தண்ணீர், காவல், மாதப் பராமரிப்புக் கட்டணம். மற்றதெல்லாம் நேரமிருந்தால்தான். இவையெல்லாம் அடுக்குமாடி வாழ்க்கை கொண்டுவந்த தலைவலிகள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முந்நூறு வருடங்களுக்கு முன்பே சென்னையில் இந்த மூன்றையும் பற்றி வழக்கும் வாதமும் நடந்திருக்கின்றன. ஒருமுறை கடையடைப்பு வரைக்கும் போயிருக்கிறது. நாம் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் மொத்த விலைக்குத் துணி எடுக்கவும் போகிற ஜார்ஜ் டவுன்தான் அந்த இடம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வளாகத்திலிருந்து பதினெட்டுப் பேர் அங்கே பாரம்பரிய நடைக்குப் போனோம். வழிகாட்டியாக வந்தவர் வரலாறு படித்த இளைஞர். காலை ஆறரைக்கு உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் கூடி, ஒன்பதரை வரை நடந்தோம். ஞாயிறு காலையில் கடைகள் மூடியிருப்பதால் தள்ளுவண்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே நெளிய வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தி மாடிகளைப் பார்க்க முடிகிறது. அவர் காட்டியவற்றோடு, பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, வர முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாரிமுனையில் ஒரு கல்

நடை தொடங்கிய இடம் பாரிமுனை. 1788இல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரில் வழங்கும் முனை. இப்போது அங்கே நிற்கும் டேர் ஹவுஸ் 1940இல் திறக்கப்பட்ட கட்டடம். நாங்கள் பார்க்கப் போனது அந்த மாளிகையை அல்ல, அதன் ஓரத்தில் நிற்கும் ஒரு கல் தூணை. 1773 ஜனவரி 1 என்று தேதியிட்ட எல்லைத் தூண் அது. மொத்தம் ஆறு நட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

எதற்கு இந்த எல்லை? 1640இல் புனித ஜார்ஜ் கோட்டையின் முதல் பகுதி எழுந்தபோது, நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகளும் கோட்டைக்கு வடக்கே ஒட்டியே குடியேறினார்கள். ஆங்கிலேயர்கள் அதைக் ‘கறுப்பர் நகரம்’ என்றார்கள். இன்று உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்தில்தான் அந்த ஊர் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து மூன்று வருடம் வைத்திருந்தார்கள். 1758 டிசம்பரில் தளபதி லாலி மீண்டும் முற்றுகையிட்டார். வீடுகளின் மறைவில் எதிரி கோட்டைக்குப் பக்கத்திலேயே வந்துவிட முடிகிறது என்பதைக் கம்பெனி அனுபவத்தில் கண்டுகொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததுபோக மீதமிருந்த ஊரைக் கம்பெனியே இடித்துத் தரைமட்டமாக்கியது. பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். அந்த வெளிக்குள் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று சொல்ல நட்டவைதான் இந்தத் தூண்கள்.

ஆக, நாம் இன்று பழைய சென்னை என்று சொல்கிற ஜார்ஜ் டவுன் உண்மையில் இரண்டாவது ஊர். முதல் ஊரை இழந்தவர்கள் வடக்கே தள்ளி முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் மறுபடி குடியேறி வளர்த்த ஊர். ஜார்ஜ் என்ற பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை ஒட்டி.

மனிதர்கள் மட்டுமல்ல, சாமியும் குடிபெயர்ந்தது. பழைய ஊரின் நடுவே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. கம்பெனி மாற்று இடம் கொடுத்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் தம் பணத்தையும் போட்டு, ஊராரிடமும் திரட்டி, 1760களில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில் எழுப்பினார். பூக்கடைக்கு அருகில் இன்றும் இரட்டைக் கோயிலாக நிற்கிறது. பட்டணம் கோயில் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வெட்டவெளியாக விட்ட இடத்தில் நூறு வருடங்களுக்கும் மேலாகப் பெரிய கட்டடம் எதுவும் வரவில்லை. 1892இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்ட பிறகுதான் அந்த இடம் நிரம்பியது. அந்த வளாகத்தின் கிழக்கு மதிலில், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியதைச் சொல்லும் கல்லையும் பார்க்கலாம்.

திருடு போனால் யார் பொறுப்பு?

பிராட்வே சாலைக்குக் கிழக்கே இருப்பது முத்தியால்பேட்டை, மேற்கே இருப்பது பெத்தநாயக்கன்பேட்டை. பெத்தநாயக்கர் என்பது ஒரு மனிதரின் பெயர் மட்டுமல்ல, ஒரு பதவியின் பெயராகவும் ஆகிவிட்டது. கம்பெனியின் ஆரம்ப நாட்களிலிருந்தே ஊர்க்காவல் அந்தக் குடும்பத்தின் பரம்பரைப் பொறுப்பு. அவர் தம் ஆட்களை வைத்து இரவு பகல் காவல் பார்க்க வேண்டும். அதற்கு ஈடாக நிலமும், ஊருக்குள் வரும் பண்டங்களின்மேல் சிறு சிறு தீர்வைகளும் அவருக்கு உண்டு.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எங்கள் குழுவில் எல்லாருக்கும் மிகவும் பிடித்துப்போனது. ஊரில் திருட்டு நடந்து, பொருளை மீட்க முடியாமல் போனால், அதன் மதிப்பைப் பெத்தநாயக்கரே ஈடுகட்ட வேண்டும். நடைமுறையில் இது எல்லா நேரமும் ஒழுங்காக நடக்கவில்லை. கம்பெனிக்கும் அவருக்கும் இதைப்பற்றி ஓயாத தகராறு. ஆனால் காவலுக்குப் பணம் வாங்குகிறவர் காவல் தவறினால் பதில் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் இருந்ததே, அதுவே பெரிய விஷயம். நம் வாசலில் செக்யூரிட்டி ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதைச் செயலாளர் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது என்று ஒரு அம்மா சொன்னார். செயலாளர் சிரித்துச் சமாளித்தார்.

கடையடைப்பும் மாநகராட்சியும்

காவலைவிடப் பெரிய சண்டை வரிக்கு. 1680களில் ஊரைக் காக்கவும் சுத்தம் செய்யவும் ஆகிற செலவைக் குடியிருப்பவர்களே கொடுக்க வேண்டும் என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. வீட்டு வரி விதித்தார்கள். 1686 தொடக்கத்தில் கறுப்பர் நகரத்து மக்கள் சாதித் தலைவர்கள் தலைமையில் திரண்டு கடைகளை அடைத்துவிட்டார்கள். மிரட்டலுக்குப் பிறகு கடைகள் திறந்தன. வரி விஷயம் மட்டும் தீரவில்லை.

லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு வேறு வழி யோசித்தார். வெள்ளைக்காரன் விதிக்கிற வரியைக் கட்ட மாட்டேன் என்கிறார்கள். தங்கள் ஆட்களே உட்கார்ந்து பேசித் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டால் முணுமுணுக்காமல் கட்டுவார்கள் அல்லவா? இந்தக் கணக்கில் பிறந்ததுதான் சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம். 1688 செப்டம்பர் 29 அன்று பதவியேற்பு. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆல்டர்மேன்கள் பன்னிரண்டு பேரில் ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், யூத வணிகர், இந்து வணிகர் என்று எல்லாரும் இருந்தார்கள். தங்கசாலைத் தெரு ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் ஆலங்காத்தா பிள்ளையும் அவர்களில் ஒருவர். யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போனவர்கள். அவர்கள் நினைவாக நிற்பது பவழக்காரத் தெரு என்ற பெயர்தான்.

யோசனை என்னவோ நல்ல யோசனை. ஆனால் பிரதிநிதிகளை உட்கார வைத்தார்களே தவிர, வரவு செலவின் பிடி கோட்டைக்குள்ளேயே இருந்தது. பள்ளிக்கூடம், நகர மண்டபம், சாக்கடை என்று சொன்ன திட்டங்களுக்கு வேண்டிய வரியை அந்த முதல் மாநகராட்சியால் திரட்ட முடியவில்லை. நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது, கணக்குப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டும்.

ஆர்மீனியர் தெருவில் ஒரு நிரந்தர நிதி

தம்புச் செட்டித் தெரு வழியாக நடந்து அடுத்துப் போனது ஆர்மீனியன் தெரு. அதற்குத் தமிழில் வழங்கும் பெயர் அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் என்ற சொல் நம் வாயில் அரண்மனைக்காரனாகிவிட்டது. தெருவில் இருக்கும் ஆர்மீனிய தேவாலயம் 1712இல் தொடங்கி, இப்போதைய இடத்தில் 1772இல் கட்டப்பட்டது. வெளியே ஹாரன் சத்தம். கதவைத் தாண்டினால் சம்பங்கி மரத்தடியில் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்தது ஆர்மீனியாவில் இல்லை, சென்னையில். அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வழிபட வரும் ஆர்மீனியக் குடும்பங்கள் இன்று சென்னையில் இல்லையென்றே சொல்லலாம். கட்டடம் மட்டும் வெள்ளையடித்துச் சுத்தமாக இருக்கிறது. கொல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆர்மீனிய வணிகர்களில் பெரியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலை உச்சிக்குப் படிக்கட்டும் போட்டார். இதையெல்லாம் செய்த பணக்காரர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. உஸ்கான் செய்த இன்னொரு காரியம்தான் என் கவனத்தை இழுத்தது. பாலத்தையும் படிக்கட்டையும் பிற்காலத்தில் பழுது பார்ப்பதற்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கிவைத்தார். கட்டும்போதே, இது ஒருநாள் தேயும், அப்போது நான் இருக்க மாட்டேன் என்று யோசித்த மனிதர். நம் பாஷையில் சொன்னால் கார்பஸ் ஃபண்ட். அவர் 1751இல் காலமானார். பாலம் இருநூறு வருடங்களுக்கும் மேல் வண்டிகளைச் சுமந்தது. 1960களில் அதன் இடத்தில் புதிய பாலம் வந்தது. மறைமலை அடிகள் பாலம் என்று நாம் தாண்டிப்போவது அதைத்தான். உஸ்கானின் கல்வெட்டு பாலத்தின் அருகே இன்றும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை சைனா பஜார் சாலையில், அதாவது இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் நிற்கிறது. கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் வைத்த பச்சையப்பன் மண்டபம். இப்போது கடைகளும் பெயர்ப் பலகைகளும் மறைத்துவிட்டதால் தேடித்தான் பார்க்க வேண்டும். துபாஷியாகப் பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் நாற்பது வயதிலேயே இறந்தார். சொத்தின் பெரும்பகுதியைத் தருமத்துக்கு எழுதிவைத்திருந்தார். உயில் தெளிவாகத்தான் இருந்தது. நிறைவேற்ற வேண்டியவர்களிடம்தான் தெளிவில்லை. பணம் பல வருடம் வழக்கில் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, அறங்காவலர் குழு அமைந்து, 1842இல் பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் அவர் இறந்து நாற்பத்தெட்டு வருடமாகிவிட்டது. இந்தியர்கள் நிர்வகித்த அறக்கட்டளையின் பணத்தில் பிறந்த அந்தக் கல்வி நிறுவனத்தில் பிற்பாடு எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். ஒரு தலைமுறை முன்னதாகவே படித்திருக்கலாம்.

கடற்கரைச் சாலையில் ஒரு திவால்

வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவன் என்பதால் ராஜாஜி சாலையில் மட்டும் நான் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டேன். அதன் பழைய பெயர் முதல் கடற்கரைச் சாலை. துறைமுகம் கட்டுவதற்கு முன் கடல் அந்தச் சாலை வரைக்கும் வந்தது. மெட்ராஸ் வங்கிக்காக பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சிவப்புக் கட்டடம் அங்கே நிற்கிறது. ஹென்றி இர்வின் வடிவமைப்பில் நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி, 1921இல் இம்பீரியல் வங்கியில் கலந்து, 1955இல் பாரத ஸ்டேட் வங்கியானது. 2014இல் ஒரு தீ விபத்தில் இந்தக் கட்டடம் சேதமடைந்தது.

இதே வட்டாரத்தில்தான் ஆர்பத்நாட் கம்பெனி இருந்தது. ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், கோயில் தருமங்கள், ஜமீன்தார்கள் என்று தென்னிந்தியா முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் கம்பெனி, பழைய கம்பெனி, நல்ல வட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் காட்டியிருக்க மாட்டார்கள். லண்டனில் இருந்த பங்குதாரர் ஊக வணிகத்தில் பணத்தை விட்டுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கதவை மூடியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. போன பணத்தில் பெரும்பகுதி போனதுதான்.

அந்த அடியிலிருந்து ஒரு நல்லதும் வந்தது. பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர், நம்முடைய பணத்தை நம்மவர்களே நிர்வகிக்கும் வங்கி வேண்டும் என்று முன்நின்றார். நகரத்தார்கள் தோள் கொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பாரி கட்டடத்தில் வேலையைத் தொடங்கியது. நம்பிக்கை போன இடத்திலேயே அதை மறுபடி உண்டாக்கியிருக்கிறார்கள். இந்த முறை பங்குதாரர் கூட்டமும் தணிக்கையும் அறிக்கையும் சேர்ந்த நம்பிக்கை.

பாப்பமும் சாக்கடையும்

பிராட்வே என்று நாம் சொல்கிற பிரகாசம் சாலையின் முழுப் பழைய பெயர் பாப்பம்ஸ் பிராட்வே. இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே இருந்தது ஒரு பள்ளம். கழிவுநீரும் மழைநீரும் தேங்கிக் கிடந்த இடம். ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் 1780களில் அதை வாங்கி, நீரை வடித்து, மேடாக்கிச் சாலை போட்டார். லாபத்துக்காகத்தான் செய்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பாப்பம் 1782இல் அரசுக்குக் கொடுத்த யோசனைகளைப் படித்தால் நம் சங்கத் தீர்மானப் புத்தகம் மாதிரியே இருக்கிறது. தெருவுக்குத் தெரு வடிகால் வேண்டும், தெருக்களுக்குப் பெயர்ப் பலகை வேண்டும், விளக்கு வேண்டும், பிறப்பு இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், சாராயக் கடைகளுக்கு உரிமம் வேண்டும். உடனே எதுவும் நடக்கவில்லை. எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக, நடந்தன. எழுதி வைப்பதால் என்ன பயன் என்று நம் கூட்டத்தில் அலுத்துக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

தண்ணீர் யாருக்கு?

தங்கசாலைத் தெருவில் வடக்கே நடந்தால் ஏழுகிணறு. ஊரில் எல்லாரும் வாயால் சொல்கிற பெயர், ஆனால் கிணறு எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். 1772இல் கேப்டன் பேக்கர் போட்ட திட்டப்படி இங்கே கிணறுகள் வெட்டி, நல்ல நீர் தந்த ஏழிலிருந்து குழாய் வழியே கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். சென்னையில் ஒழுங்காகத் திட்டமிட்ட முதல் குடிநீர் விநியோகம் இதுதான்.

கிணறு பெத்தநாயக்கன்பேட்டையில், தண்ணீர் போனது கோட்டையில் இருந்த பட்டாளத்துக்கு. சுற்றியிருந்தவர்கள் தங்கள் தங்கள் வீட்டுக் கிணற்றையும் குளத்தையும்தான் நம்பியிருந்தார்கள். நகரத்து மக்களுக்கு ஏரி நீரைக் கொண்டுவரும் திட்டம் வர அதற்குப் பிறகு நூறு வருடமாயிற்று. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற 2019 கோடையை மறக்காத நமக்கு, நிலத்தடி நீரை எடுப்பவர் யார், குடிப்பவர் யார் என்ற கேள்வி புதிதல்ல. இந்த ஏழுகிணறு வட்டாரத்து வீராசாமித் தெருவில்தான் வள்ளலார் இளமையில் வாழ்ந்தார். இங்கிருந்துதான் நடந்தே கந்தகோட்டம் போய்ப் பாடினார். அதைச் சொன்னபோது எங்கள் குழுவில் இரண்டு பேர் அப்படியே நின்று கைகூப்பினார்கள்.

மதிலும் வரியும்

கடைசிப் பகுதிக்கு நடக்க முடியவில்லை, வேனில் ஏறினோம். ஹைதர் அலியின் குதிரைப்படை 1767இலும் 1769இலும் சென்னையின் ஓரம் வரை வந்து போனது. ஊர் திறந்த வெளியாகக் கிடந்தது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை; வடக்கிலும் மேற்கிலும் தடுப்பு எதுவுமில்லை. அந்த இரண்டு பக்கமும் கம்பெனி பெரிய மதில் எழுப்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெருஞ்செல்வம் சேர்த்து, பிற்பாடு இங்கிலாந்து நாடாளுமன்றத்திலேயே பேச்சுக்கு இலக்கானவர். மதில் கட்டியாயிற்று. செலவு? மதிலுக்குள் இருக்கிறவர்களுக்குத்தானே பாதுகாப்பு, அவர்களே கொடுக்கட்டும் என்று மதில் வரி விதிக்க முடிவு செய்தார்கள்.

மக்கள் மறுத்தார்கள். இப்படி ஒரு வரி விதிக்கக் கம்பெனிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. கடைசியில் அந்த வரி வசூலாகவே இல்லை. ஆனால் மதிலை ஒட்டிப் போன சாலைக்கு வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் நின்றுவிட்டது. வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றிய பிறகும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றால்தான் வண்டி போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலையும் இடித்துவிட்டார்கள். யானைக்கவுனியில் இப்போது யானையும் இல்லை, கவுனியும் இல்லை. மதில் வாசலின் பெயர் மட்டும் இருக்கிறது.

மதிலின் ஒரு துண்டு மட்டும் பழைய சிறைச்சாலைச் சாலையில் மிஞ்சியிருக்கிறது. மேலே பூங்கா அமைத்திருப்பதால் மாடிப் பூங்கா என்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. படியேறி நின்றால் மதில் எவ்வளவு கனமானது என்று தெரிகிறது. அங்கே உட்கார்ந்துதான் எங்கள் குழுவில் நல்ல விவாதம் நடந்தது. மக்கள் மறுத்தது நியாயமா?

ஒருவர் சொன்னார்: அநியாயம். 1780இல் ஹைதர் மறுபடி வந்தபோது சுற்றுவட்டார மக்களெல்லாம் ஓடிவந்து தஞ்சம் புகுந்தது இந்த மதிலுக்குள்தான். பயனை அனுபவித்துவிட்டுப் பணம் கொடுக்க மாட்டேன் என்றால் எப்படி? லிஃப்டில் ஏறுகிறவர் லிஃப்டு செலவைக் கொடுக்காத மாதிரி. இன்னொருவர் சொன்னார்: யாரைக் கேட்டுக் கட்டினார்கள்? எவ்வளவு ஆகும் என்று சொன்னார்களா? ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று காட்டினார்களா? ஏற்கெனவே ஒரு முறை வீட்டை இடித்துத் துரத்தியவர்கள் கேட்கிற பணம் வேறு.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மதில் தேவைதான், பயனும் உண்மைதான். ஆனால் பயன் மட்டும் காட்டிப் பணம் வாங்க முடியாது. அன்று காலையில் பார்த்த இடங்களை ஒரு பேரேட்டில் எழுதிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. கேட்காமல் விதித்த வரி வசூலாகவில்லை. காட்டாமல் வைத்த கணக்கு ஆர்பத்நாட்டில் முடிந்தது. பொறுப்பானவர்கள் பொறுப்பாக இல்லாததால் பச்சையப்பரின் பணம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு தூங்கியது. ஊரார் சேர்ந்து திரட்டிய பணத்தில் எழுந்த இரட்டைக் கோயில் நிற்கிறது. பழுது பார்க்க முன்கூட்டியே ஒதுக்கிய பணம் ஒரு பாலத்தை இருநூறு வருடம் நிறுத்திவைத்தது.

இன்றைய நிலை

ஜார்ஜ் டவுனின் வீடுகளுக்கு இப்போது அந்த மாதிரி நிதி எதுவும் இல்லை. திண்ணை, முற்றம், மரத்தூண், மெட்ராஸ் ஒட்டுக்கூரை என்று ஒரு வீடு. அதை ஒட்டி நாலு மாடிக் கிடங்கு. பல வீடுகள் ஐந்தாறு வாரிசுகளுக்குப் பொதுவாக இருக்கின்றன. பழைய வாடகையில் ஓட்டை அடைக்கக்கூட முடியாது. விற்றால் இடத்துக்குத்தான் விலை, கட்டடத்துக்கு இல்லை. 2010இல் உயர் நீதிமன்றம், சாலையோரப் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில், பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2012இல் தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது. பெரிய பொதுக் கட்டடங்களுக்கு இவை ஓரளவு அரண். ஆனால் சாதாரணக் குடும்பத்து வீட்டைப் பார்த்து இடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு, பழுது பார்க்கும் செலவை யார் கொடுப்பது என்று சொல்லாமல் விட்டால், அது மதில் வரியை மாற்றிப் போட்ட கதைதான். பயன் ஊருக்கு, செலவு ஒருவருக்கு.

நம் வளாகத்தில் லிஃப்டு மாற்றவும் வெளிப்பூச்சுக்கும் நிரந்தர நிதி சேர்ப்பது பற்றி மூன்று கூட்டங்களாகப் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்பவர்களும் லிஃப்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். வேண்டும் என்பவர்களும் கணக்கை மறைக்க விரும்புகிறவர்கள் இல்லை. நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இது: தொகையை முடிவு செய்வதற்கு முன், மூன்று ஒப்பந்தப்புள்ளிகளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நிதியைத் தனிக் கணக்கில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே செய்திமடலில் இருப்பை வெளியிடுங்கள். அந்த அறிக்கையைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், முப்பது வருடம் அதைத்தான் செய்தேன்.

அடுத்த நடைக்கு மயிலாப்பூரா திருவல்லிக்கேணியா என்று இன்னும் முடிவாகவில்லை. வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். இந்த முறை வந்த ஏழாம் வகுப்புப் பெண், எல்லைத் தூண் ஆறில் மீதி ஐந்து எங்கே போயிற்று என்று மூன்று தடவை கேட்டாள். எங்கள் யாரிடமும் பதில் இல்லை.